இரவுக் குரங்கைக் கண்ட சுரங்க அதிகாரி

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த நான், தென் அமெரிக்கக் காட்டுக் குரங்கு ஒன்றைப் பற்றி எழுத முன்வந்தது ஏன் என்று நம் சங்கத்து நண்பர்கள் வியக்கக்கூடும். குரங்கு ஒரு வாயில்தான். அதன் வழியே நுழைந்து, அக்குரங்கை அறிஞர் உலகிற்கு அறிமுகம் செய்த மனிதரைக் காண்பதே என் நோக்கம். அவர் பெயர் அலெக்சாந்தர் ஹம்போல்ட். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்பதைப் பூகோளப் பாடத்தில் படித்திருப்போம். மலை ஏறியவர், ஆறு கடந்தவர், செடிகளைத் திரட்டியவர் என்றெல்லாம் நூல்கள் அவரைப் போற்றும். ஆனால் அவர் முதன்முதலாகச் சம்பளம் பெற்ற வேலை சுரங்க வேலை என்பதையும், அவர் மேற்பார்த்தவற்றுள் ஒரு தங்கச் சுரங்கமும் இருந்தது என்பதையும் அந்நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. எங்கள் ஊரார் அவ்வளவு எளிதில் அதனை விட்டுவிட முடியுமா?

ஹம்போல்ட் 1769 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14 ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். நெப்போலியன் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தந்தையார் பிரஷ்ய நாட்டுப் படையில் பணிபுரிந்தவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோதே மறைந்துவிட்டார். தாயார் செல்வமுடையவர், கண்டிப்பு மிக்கவர். தம் மக்கள் இருவரும் அரசாங்க உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மூத்தவர் வில்ஹெல்ம் படிப்பில் சூரர். பெர்லின் பல்கலைக்கழகம் 1810 இல் தோன்றக் காரணமாக இருந்தவரும், பிற்காலத்தில் வடமொழி கற்றுக் கீதையை ஆராய்ந்தவரும் அவரே. இளையவரோ பூச்சியும் செடியும் கல்லும் பொறுக்கிச் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டு திரிந்தார். சின்ன மருந்துக்கடைக்காரர் என்று வீட்டார் அவரைக் கேலி செய்தனர்.

தாயின் மனமும் கோணாமல், தம் ஆசையும் கெடாமல் இருக்க இளைஞர் ஒரு வழி கண்டார். உத்தியோகம் பார்க்கத்தானே வேண்டும்? கல்லும் மண்ணும் உள்ள உத்தியோகமாக அது இருக்கட்டுமே! 1791 ஆம் ஆண்டில் ஃபிரைபர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு வெர்னர் என்ற பேராசிரியர் புகழ்பெற்று விளங்கினார். காலையில் சுரங்கத்திற்குள் இறங்குவதும் பிற்பகலில் வகுப்பிற்குச் செல்வதுமாக மாணவரின் நாட்கள் கழிந்தன. உலோகத்தைத் தேடிக் கீழே சென்றவரின் கண்ணில், சுரங்கத்துச் சுவரிலும் மரத்தூண்களிலும் படர்ந்திருந்த பாசியும் காளானும் பட்டன. கதிரவனைக் கண்டறியாத இடத்தில் இவை எவ்வாறு வளர்கின்றன? 1793 இல் அவர் வெளியிட்ட நூல் அந்தப் பாதாளச் செடிகளைப் பற்றியது. வெளிச்சம் இல்லாத இடத்திலும் உயிர் உண்டு. அதனைக் காணப் பொறுமை வேண்டும் என்னும் பாடத்தை அவர் காட்டில் கற்கவில்லை, சுரங்கத்தில் கற்றார். இதுவே அவருடைய வாழ்க்கையின் திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

1792 இல் அரசாங்கச் சுரங்கத் துறையில் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஃபிராங்கோனியா என்னும் பகுதியில் பாழடைந்து கிடந்த சுரங்கங்களை மீட்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கோல்ட்குரோனாக் என்ற ஊரின் பழைய தங்கச் சுரங்கம் அவற்றுள் ஒன்று. பழைய ஏடுகளைத் தேடிப் படித்து, முன்னோர் எங்கெங்கு வெட்டினர், எங்கே கைவிட்டனர் என்று கண்டறிந்து, மீண்டும் தங்கக்கல் வெளிவரச் செய்தார். இளம் அதிகாரியின் திறமையை மேலிடத்தார் மெச்சினர்.

அவர் மேலிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை; கீழே பார்த்தார். தொழிலாளருக்குத் தாங்கள் வெட்டும் கல்லின் பெயர் தெரியவில்லை. எந்தப் பாறை உறுதியானது, எது சரியும், எந்தக் காற்று கொல்லும் என்பதைத் தந்தை மகனுக்குச் சொன்ன கதைகளைக் கொண்டே அறிந்திருந்தனர். ஹம்போல்ட் 1793 இல் ஸ்டேபன் என்ற சிற்றூரில் சுரங்கத் தொழிலாளருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் திறந்தார். பாடநூல் இல்லை, தாமே எழுதினார். பள்ளி நடக்கத் தொடங்கிய பிறகுதான் அரசாங்கத்திற்கு அறிவித்தார்! முன்கூட்டியே மனுப் போட்டிருந்தால் அது எந்த மேசையில் உறங்கியிருக்குமோ! விபத்துக்கு உள்ளாகும் தொழிலாளருக்கு உதவ ஒரு நிதி வேண்டும் என்றும் அவர் முயன்றார்.

பிறகு விளக்கு. சுரங்கத்தின் கெட்ட காற்றில் முதலில் விளக்கு அணையும். அடுத்து மனிதன் விழுவான். தங்கவயலில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. உயிர்வளி குறைந்த காற்றிலும் அணையாமல் எரியும் விளக்கு ஒன்றையும், குழாயும் காற்றுப் பையும் பொருத்திய மூச்சுக் கவசம் ஒன்றையும் ஹம்போல்ட் உருவாக்கினார். ஹம்ஃபிரி டேவியின் புகழ்பெற்ற விளக்கு வந்தது 1815 இல். அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முற்பட்டது இம்முயற்சி. இரண்டும் ஒன்றல்ல. டேவியின் விளக்கு வாயு வெடிக்காமல் காப்பது. ஹம்போல்டின் விளக்கு மூச்சடைக்கும் காற்றில் ஒளி தருவது. அதனைச் சோதிக்க 1796 இல் தாமே கெட்ட காற்று நிறைந்த சுரங்கப் பகுதிக்குள் புகுந்தார். மயங்கி விழுந்தார். உடன் வந்தவர்கள் அவரை வெளியே இழுத்துப் போட்டனர். விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தாராம். உத்தியோகம் பார்க்கும் அதிகாரி, கூலியாள் இருக்க, தம் மூக்கையே பணயம் வைத்த செய்தி இது. பின்னாளில் அவர் ஏறிய மலைகளையெல்லாம் விட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் தாயார் காலமானார். மகனுக்குப் பெருஞ்செல்வம் வந்தது. உத்தியோகத்தை உதறினார். ஸ்பெயின் மன்னரிடம் அனுமதி பெற்று, எமே போன்பிளான் என்ற பிரெஞ்சுச் செடிநூல் அறிஞருடன் 1799 ஜூன் 5 ஆம் நாள் கப்பல் ஏறினார். ஜூலை 16 இல், இன்று வெனிசுவேலா எனப்படும் நாட்டின் குமானாத் துறைமுகத்தில் இறங்கினார். அவர்கள் குடியிருந்த வீட்டின் எதிரே அடிமைச் சந்தை. வாங்க வந்தவர்கள் குதிரையைப் பார்ப்பது போல் ஆப்பிரிக்க இளைஞர்களின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தனர். அக்காட்சி ஹம்போல்டின் நெஞ்சைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. 1857 ஆம் ஆண்டில், பிரஷ்ய மண்ணை மிதித்த அடிமை எவனும் விடுதலை பெற்றவனே என்று சட்டம் வந்ததற்கு, எண்பத்தேழு வயதுக் கிழவராகிய அவருடைய விடாமுயற்சியே காரணம்.

காரிப்பே என்னுமிடத்தில் குவாச்சாரோக் குகை உள்ளது. அதனுள்ளே பகல் முழுதும் அடைந்து கிடந்து, இரவில் பழம் தேடிப் பறக்கும் பறவைகளை அவர் பார்த்தார். வழிகாட்டிகளான பழங்குடி மக்கள், முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்று அஞ்சி ஓர் எல்லைக்கு மேல் வர மறுத்தனர். சுரங்கத்தில் பழகிய கால்களுக்குக் குகை புதிதா? அந்த இரவுப் பறவைக்கு அறிவியற் பெயர் சூட்டியவரும் அவரே.

1800 பிப்ரவரியில் கராக்கஸ் நகரை விட்டுப் புறப்பட்டு, புல்வெளிகளைக் கடந்து, ஓரினோக்கோ ஆற்றை அடைந்தார்கள். வழியில் வாலென்சியா ஏரியின் நீர் குறைந்து வருவதைக் கண்டு, சுற்றியிருந்த காட்டை அழித்ததே காரணம் என்று எழுதினார். இன்று நாம் நாள்தோறும் பேசும் பேச்சு அது. நான்கு திங்கள், ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர்ப் பயணம். குடைந்த மரத்தாலான குறுகிய படகு; அதில் கருவிகள், காய்ந்த செடிகள், துடுப்புப் போடுவோர், கூண்டுகளில் குரங்குகளும் கிளிகளும்! கொசுக்கடி சொல்லுந்தரமன்று.

மைப்பூரெஸ் என்ற ஊரில் ஒரு கிழக்கிளி இருந்தது. அது பேசுவது யாருக்கும் புரியவில்லை. அத்தூரெஸ் என்ற கூட்டத்தார் அழிந்துபோய்விட்டனர். அவர்கள் மொழியை அக்கிளி பேசுகிறது என்று ஊரார் சொன்னதாக ஹம்போல்ட் எழுதி வைத்தார். தமிழ்ச் சங்கம் வைத்திருக்கும் நாம் இச்செய்தியைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

ஓரினோக்கோவையும் ரியோ நெக்ரோவையும் இணைப்பது காசிகியாரே என்னும் ஆறு. அதன் கரைக்காட்டில், தூயிதா மலையின் அடிவாரத்தில்தான் நம் குரங்கு வருகிறது. அணிலைவிடப் பெரிது, பூனையைவிடச் சிறிது, எடை ஒரு கிலோ அளவு. வட்ட முகம், நெற்றியில் மூன்று கருங்கோடுகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட பழுப்புக் கண்கள். காதுகள் மயிருக்குள் மறைந்து கிடக்கும்; ஆதலால் செவியிலி என்று பொருள்படும் ஆவோட்டஸ் என்னும் இனப்பெயர் அதற்கு வழங்கலாயிற்று. மூன்று கோடுடையது என்ற சிறப்புப் பெயரை 1811 இல் ஹம்போல்ட் இட்டார்.

ஒன்றைப் பிடித்து ஐந்து திங்கள் உடன் வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு உறங்கத் தொடங்கினால் மாலை ஏழு மணிக்கே அது எழும். வெளிச்சம் பட்டால் முகத்தை மறைத்துக்கொள்ளும். இருட்டியதும் வேறு பிராணியாகிவிடும். தாவும், பாயும், பறக்கும் பூச்சியைக் கையால் பற்றும், வாழைப்பழமும் கரும்பும் தின்னும். சினந்தால் பூனை போல் சீறும். இரவில் அது எழுப்பும் குரல் இச்சிறு உடலிலிருந்து வருவதென்று நம்ப முடியாதபடி சிறுத்தைப் புலியின் உறுமலை ஒத்திருந்ததாம். எவ்வளவு அன்பு காட்டியும் அது பழகவில்லை. அவரும் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. அது எப்போது உறங்குகிறது, எப்போது எழுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

அங்கே குடியேறிய ஸ்பானியர் அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சிக் குரங்கு. பகலில் வாழ்பவன் இரவில் உழைப்பவனுக்கு வைக்கும் பெயர் வேறு எப்படி இருக்கும்? தங்கவயல் லைன் வீடுகளில் பகலில் பிள்ளைகள் கூச்சலிட்டால் பெரியவர்கள் அதட்டுவார்களாம். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் யாரேனும் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பார். பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உறக்கத்தைச் சோம்பல் என்று எவரும் சொன்னதில்லை.

ஹம்போல்ட் அறிந்திராத செய்திகள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர் கண்டனர். உண்மைக் குரங்குகளில் இரவு வாழ்க்கை நடத்துவது இந்த இனம் ஒன்றே. இதன் முன்னோர் பகலில் வாழ்ந்தவை. பின்னரே இருளுக்குள் இறங்கின. எப்படித் தெரியும்? பூனைக்கும் நம் தேவாங்குக்கும் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் இருட்டில் அவற்றின் கண்கள் மின்னுகின்றன. இக்குரங்குக்கு அப்படலம் இல்லை. ஆகவே கண்ணையே பெரிதாக்கிக்கொண்டது. பகற்பிராணியாக இருந்து இருளுக்குள் இறங்கியது சுரங்கத் தொழிலாளி மட்டுமல்லன் போலும்! ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் வாழ்வன. குட்டி பிறந்து ஓரிரு வாரத்திற்குள், அதைச் சுமக்கும் வேலையைத் தகப்பன் ஏற்றுக்கொள்ளும். பாலுக்கு மட்டுமே குட்டி தாயிடம் போகும்.

இன்னொன்று. பயணம் முடிந்து 1800 ஜூனில் அங்கோஸ்துரா நகரை அடைந்ததும் இருவரும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். போன்பிளான் பிழைப்பதே அரிதாயிற்று. மனிதரைக் கொல்லும் மலேரியாக் கிருமி இந்த இரவுக் குரங்கின் உடலிலும் வளரும் என்று 1960-களில் கண்டறிந்தனர். அதன்பின் மருந்துச் சோதனைக்கென இக்குரங்குகள் மிகுதியாகப் பிடிக்கப்பட்டன. காய்ச்சலுக்கு மாற்றுத் தேட உதவும் பிராணி அவர்கள் படகுக்குப் பக்கத்துக் காட்டிலேயே பகலெல்லாம் உறங்கிக் கிடந்தது!

தேவாங்கைக் குறிப்பிட்டேன். அது குரங்கன்று, லெமூர்க் கூட்டத்திற்கு நெருங்கியது, வாலும் இல்லை. இரவில் வெளிவருவது, பெருங்கண், பூச்சி வேட்டை ஆகியவற்றால் இரவுக் குரங்கின் தூரத்து உறவினன் போல் தோன்றும். நாம் அதற்கு என்ன செய்தோம்? மெலிந்தவனைத் தேவாங்கு என்று ஏசினோம்; அதன் கண்ணில் மருந்தும் வசியமும் இருப்பதாகச் சொல்லிக் கொன்றோம். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளித்தது. 2022 இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் அமைந்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. ஹம்போல்டைப் போல் ஐந்து திங்கள் உட்கார்ந்து பார்க்கும் இளைஞர் நம்முள் எழுந்தால் நலம்.

அவர் பயணத்தின் மற்றப் பகுதிகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1802 ஜூன் 23 இல் சிம்போராசோ மலையில், அதுவரை ஏறியவராக அறியப்பட்ட எவரையும்விட உயரத்திற்கு ஏறினார். 1803 இல் மெக்சிகோவில் குவானஹுவாத்தோ வெள்ளிச் சுரங்கங்களில் பல நாள் இறங்கிப் பார்த்தார். இருநூறு ராத்தலுக்கும் மேற்பட்ட கல்மூட்டையை முதுகில் சுமந்து, பாதாளத்திலிருந்து படிப்படியாக மேலேறும் தொழிலாளரின் நிலையை அளந்து எழுதினார். மூட்டையின் எடை, படிகளின் சரிவு, சூடு, கூலி என்று எல்லாவற்றையும் குறித்தார். கண்ணீர் விட்டு எழுதுவோர் பலர். கணக்குப் போட்டு எழுதுவோர் சிலர். அவர் இரண்டாம் வகை. அதனால்தான் அவர் எழுத்து இன்றும் நிற்கிறது.

1804 இல் ஐரோப்பா திரும்பினார். பாரிஸ் நகரில் இருபதாண்டுக்கும் மேலாக வாழ்ந்து, தாய் விட்டுச்சென்ற செல்வம் முழுவதையும் பயண நூல்களை அச்சிடுவதில் கரைத்தார். அடுத்து அவர் மனம் நாடியது நம் நாட்டை. ஆண்டிஸ் மலையை அளந்தவர் இமயத்தையும் அளந்து ஒப்பிட விரும்பினார். இந்தியாவோ கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில். 1814, 1817, 1818 ஆகிய ஆண்டுகளில் லண்டன் சென்றார். பெரியோர் பலர் விருந்து வைத்தனர். அனுமதி மட்டும் வரவில்லை. ஸ்பானியக் குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளை அப்பட்டமாக எழுதியவரைத் தம் ஆட்சிப் பரப்பிற்குள் விடக் கம்பெனியார் அஞ்சினர் என்பது வரலாற்றாசிரியர் சிலர் கருத்து. அது சரியாகவே இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது.

அவர் சிம்போராசோ ஏறிய அதே 1802 ஆம் ஆண்டில், ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எங்கள் உரிகம், மாரிகுப்பம் பகுதியில் ஊர்மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதினார். அக்குறிப்பிலிருந்து வளர்ந்த முயற்சிகள் 1880-களில் பெருஞ்சுரங்கமாகி, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை சென்று, 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. ஹம்போல்ட் இந்தியா வந்திருந்தால், இமயத்திற்குப் போகும் வழியில் அந்தக் குழிகளை எட்டிப் பார்க்காமல் போயிருப்பாரா? தங்கத்தின் அளவை எல்லாரும் குறித்தார்கள். கூடை சுமந்தவர் கூலியை அவர் குறித்திருப்பார்.

1827 இல் மன்னர் அழைப்பை ஏற்றுப் பெர்லின் திரும்பினார். கட்டணமின்றி அவர் ஆற்றிய பேருரைகளைக் கேட்க அரசகுலத்தாரும் வந்தனர், வண்டியோட்டிகளும் வந்தனர், பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்ட பெண்களும் வந்தனர். 1829 இல் ரஷ்ய அரசு உரால் மலைச் சுரங்கங்களைப் பார்வையிட அழைத்தது. அங்குள்ள மண்ணில் வைரம் கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறினார்; அந்த ஆண்டிலேயே கிடைத்தது. பண்ணையடிமைகளைப் பற்றி எழுதக் கூடாது என்பது அப்பயணத்தின் உடன்பாடு. அவர் அதற்கு இணங்கினார். குமானாச் சந்தையைக் கண்டு கொதித்தவர் இங்கு வாய்மூடி நடந்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

எழுபத்தைந்தாம் வயதில் காஸ்மாஸ் என்னும் பெருநூலின் முதல் தொகுதியை 1845 இல் வெளியிட்டார். கையில் பணம் இல்லை. உதவி கேட்டு வந்த மாணவர்களுக்கு மட்டும் இல்லை என்று சொன்னதில்லை. தமக்கு மறுக்கப்பட்ட இந்தியாவிற்கு ஷ்லாகின்ட்வைட் சகோதரர் மூவரை, இப்போது கம்பெனியாரின் இசைவோடே, 1854 இல் அனுப்ப உதவினார். அவர்கள் பம்பாயில் இறங்கி, தக்கணத்தைக் கடந்து சென்னைக்கு வந்து, பின் இமயம் சென்றனர். 1857 இல் இருவர் திரும்பினர். அடால்ஃப் என்பவர் காஷ்கரில் கொலையுண்டார். அவர்கள் கொண்டுவந்த அளவுகளையும் படங்களையும் கிழவர் ஆவலோடு பார்த்தார். காஸ்மாஸ் ஐந்தாம் தொகுதியின் கைப்படியை அச்சுக்கு அனுப்பிச் சில நாட்களில், 1859 மே 6 ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதில் பெர்லினில் காலமானார். இளமையில் கல் பொறுக்கித் திரிந்த தேகல் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர்.